வெள்ளத்தில் வந்த வெற்றிலை

"கோத்தா திங்கி பக்கத்துல ஒரு அருவி இருக்கு அண்ணாச்சி. பாத்தா அசந்து போவிய" என்றான் தம்பி சங்கரலிங்கம்.

நான் தென்காசிக்காரன். குற்றாலச் சாரல் முகத்தில் அடிக்கிற ஊரில் பிறந்தவனிடம் அருவியைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். "ஓகோ" என்று மட்டும் சொல்லி வைத்தேன். போய் அதையும் ஒரு கை பார்த்துவிட்டு வந்து இவன் வாயை அடைக்க வேண்டும் என்று மனசுக்குள் முடிவு கட்டினேன்.

நான் ஜோகூருக்கு வந்தது அருவி பார்க்க அல்ல. கல்யாணச் சமையல் என் தொழில். எங்கள் பக்கத்தில் இந்தத் தொழில்காரனைத் தவசிப்பிள்ளை என்பார்கள். சங்கரலிங்கம் என் சிற்றப்பா மகன், ஜோகூர் பாருவில் மளிகைக் கடை வைத்திருக்கிறான். "என் மக கல்யாணத்துக்கு ஒங்க கைச் சாம்பார்தான்" என்று பிடிவாதம் பிடித்து என்னைக் கப்பலேற்றிவிட்டான். கார்த்திகையில் கல்யாணம் முடிந்தது. சாம்பாரைப் பற்றி ஊர் பேசியதை நானே எழுதினால் நன்றாக இருக்காது. பேசினார்கள் என்பது மட்டும் நிஜம்.

ஊர் எனக்குப் பிடித்திருந்தது. சிங்கப்பூருக்கும் இதற்கும் நடுவே கடலில் கல்லைக் கொட்டிப் பாதை போட்டு, அதன் மேல் ரயிலே விடுகிறார்கள். காப்பிதான் ஒத்துவரவில்லை. கொட்டையைச் சர்க்கரை போட்டுக் கருக வறுத்து, டின் பாலைக் கலக்கிச் சீனர் ஒருவர் தந்தார். மருந்தென்று நினைத்துக் குடித்தால் குடிக்கலாம்.

மார்கழி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் ஊர் ஐப்பசி மழை சண்டைக்காரப் பெண்பிள்ளை மாதிரி, வந்து கத்திவிட்டுப் போய்விடும். இந்த மழை வந்த வீட்டை விட்டுப் போகாத சம்பந்தி. இருந்தாலும் அருவியை மழையில் பார்ப்பதுதான் அழகு என்று கிளம்பினேன். கோத்தா திங்கிக்கு அப்பால் ஆற்றோரத்தில் ஒரு ரப்பர் தோட்டம். அந்தத் தோட்டத்து லாரி சங்கரலிங்கம் கடைக்கு அரிசி பருப்பு ஏற்ற வந்திருந்தது. அதில் எனக்கு ஓர் இடம் கிடைத்தது.

லாரி ஓட்டி வந்தவன் பெயர் சாமிக்கண்ணு. சேலத்துப் பக்கம். பேச ஆரம்பித்தால் பிரேக் பிடிக்காது. அவன் பேச்சு முழுக்க ஒரே விஷயம். மனைவி அஞ்சலைக்குக் குழந்தை பிறந்து ஒரு வாரம்தான் ஆகிறது. இதற்கு முன் உண்டானது எதுவும் தங்கவில்லை. இதுதான் தங்கியிருக்கிறது, ஆண் பிள்ளை. பிரசவத்தில் அவள் ரொம்ப இளைத்துவிட்டாள். சட்டைக்குள் ஒரு பொட்டலம் வைத்திருந்தான். சுக்கு, திப்பிலி, மிளகு, பூண்டு.

"இதக் கொண்டுபோய்க் குடுத்தாத்தாண்ணே அவளுக்கு ஒடம்பு தேறும். ரெண்டு நாளா வெறுங் கஞ்சிதான் குடிக்கிறா. லயத்துல எந்தக் கடையிலயும் கெடைக்கல" என்றான். தோட்டத்து வேலையாட்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளைத்தான் லயம் என்கிறார்கள்.

"பொறுமையாப் போப்பா. பொட்டலம் எங்கயும் ஓடாது" என்றேன்.

பொட்டலம் ஓடவில்லை. சாலைதான் ஓடிவிட்டது. வழியில் இரண்டு இடத்தில் சக்கரம் புதைந்தது. இறங்கித் தள்ளினேன். ஏறி உட்கார்ந்தபோது காலில் அட்டைகள் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தன. சாயங்காலம் கோத்தா திங்கி எல்லையை எட்டினால் அங்கே ஊரைக் காணோம். ஆறு கடைத்தெருவுக்குள் புகுந்து, கடைப் பலகைகளைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. தோட்டத்துக்குப் போகிற பாதை இருந்த திசையில் மரங்களின் தலை மட்டும் தெரிந்தது.

சாமிக்கண்ணு என்ஜினை நிறுத்திவிட்டு, சட்டைக்குள் இருந்த பொட்டலத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு அந்தத் திசையையே பார்த்தான்.

மேட்டில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. ஊரே அங்கே ஏறியிருந்தது. ஆற்றோரக் கம்பத்து மலாய்க்காரர்கள், கடைத்தெருச் சீனர்கள், ரோடு போடுகிற நம்மவர்கள். கம்பம் என்றால் இங்கே கிராமம். கோழி, ஆடு, பாய் தலையணை, அழுகிற பிள்ளைகள் என்று கால் வைக்க இடமில்லை. லாரியை மேட்டடியில் நிறுத்திவிட்டு நாங்களும் ஒரு மூலையில் ஒண்டினோம்.

மறுநாள் காலையில் ஒருவர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற கந்தையா, யாழ்ப்பாணத்துக்காரர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, யாரும் சொல்லாமலே மேட்டுக்கு மணியக்காரராகிவிட்டிருந்தார். எங்கே கழிப்பிடம், எந்தத் தண்ணீரைக் காய்ச்ச வேண்டும் என்று ஓடி ஓடிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஐயா, நீங்கள் பெரிய சமையல்காரர் எண்டு இந்த லாரிக்காரப் பெடியன் சொன்னவன். நேற்றுப் பின்னேரம் தொடக்கம் சனம் பட்டினி. எல்லாருக்குமா ஒரு சமையல் செய்து தருவியளோ?" என்றார்.

"செய்யுறதுக்கு என்ன ஐயா? அரிசி வேணும்லா?" என்றேன்.

சாமிக்கண்ணு எழுந்து நின்றான். "அரிசி லாரியில இருக்குண்ணே. தோட்டத்து அரிசிதான். இங்க புள்ளைங்க அழுவுறதக் கேட்டுக்கிட்டு மூட்டை மேல படுத்துத் தூங்க என்னால முடியல. பாதி அங்க போவட்டும், பாதி இங்க எறக்கறேன். தொரைக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றான். சொன்னதோடு நிற்கவில்லை. மேடெல்லாம் ஈர விறகாக இருந்ததால் லாரியின் பக்கப் பலகைகளையும் பெயர்த்து அடுப்புக்குக் கொண்டுவந்து போட்டான்.

அரிசி வந்தது, பருப்பு வந்தது, விறகும் வந்தது. நான் மட்டும் அசையாமல் நின்றேன். ஏன் என்றால், எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. விசேஷ வீட்டுக்காரர் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து நீட்டினால்தான் தவசிப்பிள்ளை அடுப்பில் கை வைப்பான். அதைக் கூலி என்று நினைக்கக் கூடாது. அந்த வீட்டார் பேரில்தான் அந்த அடுப்பு எரிகிறது. கூடினாலும் குறைந்தாலும் சபையில் முன்னால் வந்து நிற்க ஒருவர் வேண்டும். வீட்டுக்காரர் இல்லாத அடுப்பு அநாதை அடுப்பு என்பார் என் தகப்பனார். ஜமீன் வீட்டில்கூட வெற்றிலை வருவதற்கு நேரமானதால் அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். அந்த ரத்தம்தானே இதுவும்.

"எல்லாம் சரி. இது யாரு வீட்டு விசேஷம்? வெத்தல பாக்கு வைக்கது யாரு?" என்று கேட்டேன்.

கந்தையா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன ஐயா கதைக்கிறியள்? வெள்ளம் வந்து சனம் நடு றோட்டில நிக்குது. இதில வீடு எங்க, விசேஷம் எங்க?"

"அதைத்தாம் நானும் கேக்கேன்" என்றேன்.

சாமிக்கண்ணு தலையில் கை வைத்துக்கொண்டான். "அலமாக்! வெத்தலைக்கு நான் எங்கண்ணே போவேன்?"

பக்கத்தில் ஒரு மலாய் அம்மாள் மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். மக் திமா என்று எல்லாரும் கூப்பிட்டார்கள். மக் என்றால் அம்மா. என்ன தகராறு என்று கந்தையாவிடம் கேட்டாள். அவர் மலாயில் சொன்னார். சிரிப்பாள் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. எழுந்து போய்த் தன் மூட்டையைப் பிரித்தாள். வெள்ளத்தில் வீட்டை விட்டு ஓடி வந்தபோது அவள் தூக்கி வந்தது துணியில் பொதிந்த குர்ஆனும் ஒரு பித்தளை வெற்றிலைப் பெட்டியும்தானாம். பெட்டியைத் திறந்து, வெற்றிலையை ஈரம் போகத் துடைத்து அடுக்கி, பாக்கு வைத்து, இரண்டு கையாலும் என் முன்னால் நீட்டிப் பேசினாள். கந்தையா தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டேன்.

"எங்களிலும் இதுதான் முறை. வெற்றிலை நீட்டாமல் நாங்கள் யாரையும் அழைப்பதில்லை. என் வீடு இப்போது ஆற்றுக்குள் இருக்கிறது. அது வெளியே வருகிற வரைக்கும் இந்த மேடுதான் என் வீடு. இங்கே இருக்கிறவர்கள் எல்லாரும் என் விருந்தாளிகள். என் விருந்துக்குச் சமைத்துக் கொடுங்கள்."

துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கும்பிட்டு வாங்கிக்கொண்டேன். ஜமீன்தாருக்கு முன்னால்கூட நான் அவ்வளவு குனிந்ததில்லை.

அடுத்த சிக்கல் பாத்திரம். கடைக்காரச் சீனர் ஆ செங் பெரிய இரும்புச் சட்டி ஒன்றைச் சந்தோஷமாகத் தூக்கிவந்தார். நான் முகர்ந்து பார்த்தேன். மக் திமாவும் முகர்ந்து பார்த்தாள். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்தச் சட்டியில் என்ன வெந்திருக்கும் என்று யாரும் வாய் திறக்கவில்லை. ஆ செங்குக்குப் புரிந்துவிட்டது. கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். மனிதர் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படகில் ஏறி, முழுகிக்கொண்டிருந்த தன் கடைக்கே போனார். உத்தரத்தில் விற்பனைக்குத் தொங்கிக்கொண்டிருந்த புதுச் சட்டிகளை அவிழ்த்துக்கொண்டு சொட்டச் சொட்ட வந்து நின்றார்.

தோட்டத்துக்காரர்களோடு வியாபாரம் செய்து பழகிய தமிழில், "புதுசு லா! பன்னிய கண்ணால பாக்கல!" என்றார்.

மேடே சிரித்தது. அழுதுகொண்டிருந்த பிள்ளைகளும் எதற்கென்று தெரியாமல் சிரித்தன.

அப்புறம் பாருங்கள், என் வாழ்நாளில் இத்தனை உதவியாள் எனக்கு வாய்த்ததில்லை. ரோட்டு வேலைக்காரர்கள் தார் காய்ச்சுகிற அனுபவத்தில் அடுப்பு வெட்டினார்கள். சீனத்துப் பெண்கள் கீரை ஆய்ந்தார்கள். காங்கோங் என்று அவர்கள் நீட்டியதைப் பார்த்தால் நம் ஊர் வள்ளைக்கீரை. மலாய்ப் பையன்கள் தேங்காய் உரித்தார்கள். ஊரில் ஓர் உதவியாளை ஏவினால் மூன்று தடவை முணுமுணுப்பான். இங்கே ஏவுவதற்கு முன்னால் வேலை முடிந்திருந்தது. கூலிக்கு வேலை செய்கிற கைக்கும் தானாக வந்து நீளுகிற கைக்கும் வித்தியாசம் அன்றைக்குத்தான் தெரிந்தது. தானாக வந்த கைக்கு அலுப்புத் தெரிவதில்லை.

நடுவில் ஒரே ஒரு சண்டை. ஒரு கிழவி அன்பாக ஒரு கட்டி பெலச்சானைச் சாம்பாரில் போட வந்தாள். இறால் மீனை இடித்து வெயிலில் புளிக்க வைத்த சரக்கு அது. நான் கரண்டியை ஓங்கிவிட்டேன். தனியே அரைத்துத் தள்ளி உட்கார்ந்து தொட்டுக்கொள்ளலாம் என்று மக் திமா சமாதானம் பேசினாள். காற்று என் பக்கம் அடிக்காத இடமாகப் பார்த்து உட்கார்ந்தார்கள்.

குழைந்த சோறு, மரவள்ளியும் வள்ளைக்கீரையும் போட்ட சாம்பார், தேங்காய்த் துவையல். வாழை இலையில் பரிமாறினோம். அப்போதுதான் கந்தையா என் காதில் சொன்னார்: "பாத்தியளோ ஐயா, உங்கட சைவச் சாப்பாடாப் போனதுதான் நல்லது. இவையள் அதைத் தொட மாட்டினம், அவையள் இதைத் தொட மாட்டினம். உங்கட சாம்பாரை எல்லாரும் தொடுகினம்."

நிமிர்ந்து பார்த்தேன். மலாய்க்காரர் பக்கத்தில் சீனர், சீனர் பக்கத்தில் நம்மவர், எல்லார் இலையிலும் என் சாம்பார். நம்மவருக்குள்ளே யார் என்ன சாதி என்று விசாரிக்க யாருக்கும் ஓய்வில்லை. எனக்கும்தான். நெஞ்சு நிமிர்ந்தது என்று எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை. ஐம்பது வயது வரை கல்யாண வீட்டு ஊட்டுப்புரைகளில் கிண்டிய எந்த அண்டாவும் தராத பெருமையை அந்தப் புதுச் சட்டிகள் தந்தன.

சாமிக்கண்ணு மட்டும் இலைக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தான்.

"சாப்பிடுப்பா."

"எறங்கலண்ணே. லயம் பள்ளத்துல இருக்கு. மேல பங்களா மேட்டுக்கு ஏறியிருப்பாங்க. ஏறினாங்களா, பச்ச ஒடம்புக்காரி என்ன தின்னா, ஒண்ணும் தெரியல." சட்டைப் பொட்டலத்தை வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்துக்கொண்டான்.

எதிரில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பாக் சமாது, மக் திமாவின் புருஷன். ஆற்றில் மீன் பிடிக்கிறவர். அதிகம் பேசாத மனிதர். கந்தையாவிடம் ஏதோ கேட்டார். பதிலைக் கேட்டுக்கொண்டு, கையை நக்கிவிட்டுச் சொன்னார்: "அவன் அரிசியை நான் தின்றுவிட்டேன். அவன் வீட்டுக்கு நான் சோறு கொண்டுபோகிறேன்."

விடிந்ததும் பாக் சமாதும் அவர் தம்பியும் படகைத் தயார் செய்தார்கள். தோட்டத்துக்காரர்களுக்கு அரிசி மூட்டை, தார்ப்பாய், அதற்கு மேல் ஒரு தூக்குச்சட்டி. அந்தச் சட்டியை நான் யாரையும் தொட விடவில்லை. பிள்ளை பெற்றவளுக்குச் சமைப்பது தனிக் கணக்கு. சாமிக்கண்ணுவின் பொட்டலத்தைப் பிரித்து, மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு ரசம் வைத்தேன். அதில் சோற்றைக் குழைய விட்டேன். மிச்சச் சுக்கையும் திப்பிலியையும் பொடித்துத் துணியில் முடிந்து கூடவே வைத்தேன். தானும் வருவேன் என்று சாமிக்கண்ணு நின்றான். நீந்தத் தெரியாதவனை இந்தத் தண்ணீரில் ஏற்ற மாட்டேன் என்று பாக் சமாது ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

படகு போனது. நான் இரண்டாம் நாள் சமையலில் இறங்கினேன். உப்புப் போட்டேனா இல்லையா என்று இரண்டு தடவை மக் திமாவிடம் ருசி பார்க்கக் கொடுத்தேன். எனக்கு அப்படி ஆனதே இல்லை. சாமிக்கண்ணு தண்ணீர் ஓரத்தை விட்டு நகரவில்லை.

பிற்பகலில் படகு திரும்பியது. அவர்கள் கரை ஏறுவதற்கு முன்பே கந்தையா கத்திக் கேட்டார். பாக் சமாது தலையை ஆட்டினார். அந்த ஆட்டத்துக்கு ஆமென்றும் சொல்லலாம், இல்லையென்றும் சொல்லலாம். பக்கத்தில் வந்ததும் விஷயம் சொன்னார். நீரோட்டத்தில் படகைக் கரையில் ஒட்ட முடியவில்லை. பங்களா மேட்டிலிருந்து ஆட்கள் கயிறு வீச, மூட்டைகளையும் சட்டியையும் கட்டி அனுப்பினார்கள். கயிற்றின் அந்த முனையில் கண்ணுக்குத் தெரிந்தவர்கள் ஆண்கள்தான். அஞ்சலையைப் பற்றிக் கேட்டதும் தண்ணீர் இரைச்சலில் போகவில்லை, அவர்கள் சொன்னதும் வரவில்லை. மரத்தில் படகைக் கட்டிக்கொண்டு காத்துக் கிடந்தார்களாம். கடைசியில் கயிற்றில் தூக்குச்சட்டி மட்டும் திரும்பி வந்ததாம்.

சாமிக்கண்ணு சட்டியை வாங்கினான். மூடியை ஒரு துணிக் கிழிசலால் இறுக்கிக் கட்டியிருந்தது. ஊதாக் கலர்ச் சேலைத் துணி.

"இது புள்ளைக்குத் தூளி கட்டின சேலைண்ணே" என்றான். "இதுல ஆரையும் கை வைக்க விட மாட்டா. கிழிச்சிருந்தா அவதான் கிழிச்சிருக்கணும்."

"தொறந்து பாருப்பா."

"நீங்க தொறங்கண்ணே."

முடிச்சை அவிழ்த்துத் திறந்தேன். சட்டி பளிச்சென்று கழுவித் துடைத்திருந்தது. அடியில் நன்றாகத் துடைத்த இரண்டு வெற்றிலை, ஒரு பாக்கு.

சாமிக்கண்ணு அப்படியே சேற்றில் உட்கார்ந்து ஓவென்று அழுதான். அழுதுகொண்டே சிரித்தான். "லயத்துக்குப் பின்னால அவ வச்ச கொடிண்ணே அது. வெள்ளத்துல மேட்டுக்கு ஏறும்போதும் வெத்தலையப் பறிச்சு எடுத்துக்கிட்டு ஏறியிருக்கா பாருங்க! வந்த ஏனத்த வெறுமனே திருப்பி அனுப்பமாட்டா எம் பொண்டாட்டி."

அவன் இரண்டு வெற்றிலையையும் எடுத்து என் கையில் வைத்தான். "இது எனக்கில்லண்ணே. சமைச்ச கைக்கு வச்சிருக்கா. புள்ளைக்குப் பேர் வைக்கிற அன்னைக்கு நீங்கதான் அடுப்புப் பத்த வைக்கணும்."

என் கண்ணும் கலங்கிவிட்டது. ஈர விறகின் புகை என்று சொல்லலாம், ஆனால் அடுப்பு அந்தப் பக்கம் இல்லை. வெற்றிலையில் ஒன்றை மக் திமாவிடம் கொடுத்தேன். அவள் தன் பித்தளைப் பெட்டியைத் திறந்து இரண்டிலும் சுண்ணாம்பு தடவினாள். பாக்கைப் பாதியாக வெட்டிப் போட்டுக்கொண்டோம். கொஞ்சம் காரமான வெற்றிலை. ஆ செங் எங்கள் வாய் சிவப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்.

தண்ணீர் வடிந்து, சாமிக்கண்ணு தோட்டம் போய்ச் சேர்ந்து, குழந்தைக்குப் பெயர் வைத்து, நான் ஜோகூர் பாரு திரும்பியபோது தை பிறந்துவிட்டது. பெயர் வைத்த அன்றைக்கு நான் சமைத்த விருந்துக்குப் பாக் சமாதும் மக் திமாவும் படகில் வந்தார்கள். ஆ செங் புதுச் சட்டி ஒன்றைக் குழந்தைக்குச் சீராகக் கொண்டுவந்தார். கந்தையா பந்தியில் நின்று, எனக்கே சாம்பார் பரிமாறினார்.

சங்கரலிங்கம் கடை வாசலிலேயே பிடித்துக்கொண்டான். "என்ன அண்ணாச்சி, இத்தன நாளா ஆளக் காணோம்? அருவி எப்படி? குத்தாலம் பெருசா, அது பெருசா?"

"அருவியப் பாக்கல" என்றேன். "சமையலுக்குப் போயிருந்தேன்."

"சமையலா? எனக்குத் தெரியாம இங்க யாரு ஒங்களுக்கு வெத்தல வச்சது? யாரு வீட்டு விசேஷம்?"

மடியில் மக் திமா தந்தனுப்பிய வெற்றிலை இருந்தது. எடுத்து அவனுக்கும் ஒன்று நீட்டினேன்.

"நம்ம வீட்டு விசேஷந்தாம்ல" என்றேன்.